கூடைக் கணக்கு

"உங்கப்பா பெர்மனென்டா, கான்ட்ராக்டா?"

முதன்முதலில் ரெஜினாவிடம் இதைக் கேட்டது ஒன்றாம் வகுப்பு டீச்சர். பெயரைக் கேட்டார், அதற்கு அடுத்து இதைத்தான் கேட்டார். நெய்வேலியில் இது சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. பெர்மனென்ட் என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, ரோடெல்லாம் மர நிழல். கான்ட்ராக்ட் என்றால் மந்தாரக்குப்பத்தில் ஓட்டு வீடு, வாடகை. அந்த வயதில் ரெஜினாவுக்கு இதெல்லாம் தெரியாது. "அப்பா செத்துட்டாரு டீச்சர்" என்றாள். டீச்சர் அதற்குப் பிறகும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

இருபது வருஷம் போய், 2003 சித்திரை வெயிலில், அதே கேள்வியைத் தனகோட்டி கேட்டார். இந்தத் தடவை அவள்தான் டீச்சர். அவர் அவளைவிட இரண்டு மடங்கு வயதான மாணவர்.

"எங்கம்மா கான்ட்ராக்ட்" என்றாள் ரெஜினா. "விசாரணை முடிஞ்சுதுன்னா ஸ்கிரீனைப் பாருங்க சார்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அறிவழகன் சிரிப்பை அடக்க இருமினான்.

ஜெரால்டு நடத்துகிற கம்ப்யூட்டர் கம்பெனி மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஆள் விடுகிற கான்ட்ராக்டர்களுக்குப் பில் போடவும் ஸ்டோர் கணக்குப் பார்க்கவும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதுகிறவர்கள் இரண்டு பேர். தனகோட்டி பண்ருட்டிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாகக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடுகிற பழைய மாதிரி புரோகிராம் எழுதுகிறவர். மவுஸைத் தொட்டால் கை கூசுகிறது என்பார். அறிவழகன் அவரிடம் தொழில் பழகி, இப்போது தனியாகவும் எழுதுகிறவன்.

கம்பெனிக்குச் சோறு போடுகிற வாடிக்கையாளர் ராஜாங்கம். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் அவருடையது. சென்னையில் யாரோ சிநேகிதர் ஆபீஸில் கலர் கலராகப் பட்டன் வைத்த புரோகிராம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "அந்த மாதிரி வேணும். உன்னால முடியலைன்னா சொல்லு, மெட்ராஸ்காரன் செய்வான்" என்று ஜெரால்டிடம் சொல்லிவிட்டார். ஜெரால்டு அடுத்த நாளே கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ரெஜினாவைத் தேடிப் போனார்.

"ரெண்டு பேரும் கெட்டிக்காரங்கம்மா. ஆனா பழைய கை. புது முறையில விண்டோஸ்ல எழுதக் கத்துக் குடுத்து, அவங்களை வெச்சே ராஜாங்கம் சாருக்குப் புரோகிராமை முடிச்சுக் குடு. அவருக்குப் புடிச்சுப் போச்சுன்னா நீ இங்கயே பெர்மனென்ட்."

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி வார்த்தையை அம்மாவிடம் சொன்னபோது ஆரோக்கியம்மாள் மாவு கரைத்த கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டது.

பாடம் லேசாகப் போகவில்லை. ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பதினைந்து வருஷம் வேறு மாதிரி எழுதிப் பழகியவருக்குச் சொல்வது, ஓடுகிற சைக்கிளில் சங்கிலி மாட்டுகிற வேலை. முதல் வாரம் தனகோட்டி ஒரு ஸ்கிரீன் செய்தார். அதில் 'சேமி' என்று ஒரே பட்டன். அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் முழுப் புரோகிராமையும் எழுதி வைத்திருந்தார். ரெஜினா திரையை உருட்டிக்கொண்டே போனாள், முடிவே வரவில்லை.

"ஓடுதா இல்லியா மேடம்?"

"ஓடுது சார்."

"அப்பறம் இன்னா?"

"நாளைக்கு ஒரு எடத்துல மாத்தணும்னா?"

"நான் இருக்கேன்ல, மாத்த மாட்டனா?"

"நீங்க ஊருக்குப் போயிருந்தா?"

"ஊருக்கு எங்க வுடறாரு ஜெரால்டு!" அறிவழகனைப் பார்த்துக் கண்ணடித்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அவரிடம் கடைசி வார்த்தையை யாரும் பிடுங்கியதில்லை.

ரெஜினா போர்டில் ஒரு வீட்டின் வரைபடம் போட்டாள். "டவுன்ஷிப்ல ஒரு பிளாக் பூரா ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். பிளான் ஒண்ணுதான். அந்தப் பிளான்தான் கிளாஸ். அதைப் பார்த்துக் கட்டின ஒவ்வொரு வீடும் ஒரு ஆப்ஜெக்ட். பிளான் ஒண்ணா இருந்தாலும் இந்த வீட்டுல குடியிருக்கறவங்க வேற, அந்த வீட்டுல வேற. அவங்க வீட்டுக் கதவை அவங்கதான் திறக்கணும். நீங்க வெளியிலேருந்து கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுக்கக் கூடாது."

"பிளான் ஒண்ணுன்னு யாரு சொன்னது? எல்லாப் பயலும் பின்னாடி ஷெட்டு இழுத்துட்டான்" என்றான் அறிவழகன்.

"அதுதான் அடுத்த பாடம். பழைய பிளானை அப்படியே வெச்சுக்கிட்டு, மேல ஷெட்டு மட்டும் சேர்த்துப் புதுப் பிளான் போடறது. பழசுல இருக்கற எல்லாமும் தானா புதுசுக்கு வந்துடும்."

தனகோட்டி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "நல்லதும் வரும், கெட்டதும் வரும்?"

"எல்லாமே வரும் சார்."

அவர் மூளை மட்டும் கத்தி. ரெஜினா மாதிரிக்கு ஷிப்ட் கிளாஸ் ஒன்று எழுதிக் காட்டியபோது, சி ஷிப்டு ஆளுக்கு வேலை நேரம் மைனஸ் பதினாறு என்று வந்தது. ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போகிறவன் மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே வருவான் என்பதை அவள் யோசிக்கவில்லை. தனகோட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாருடா அறிவு! ராத்திரி பூரா கண்ணு முழிச்சிகினு வேலை செஞ்சவன், மேடம் கணக்குல கம்பெனிக்குப் பதினாறு மணி நேரம் பாக்கி!" சிரித்து முடித்துவிட்டு, தேதி எங்கே மாறவேண்டும் என்று அவரே உட்கார்ந்து இரண்டு வரியில் சரிசெய்தார். ரெஜினா அதை அப்படியே வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் சுமுகம் வந்தது.

ஒரு மாதம் போனது. ராஜாங்கத்தின் புரோகிராமுக்குப் படம் போடுகிற நாள் வந்தது. எந்த கிளாஸ் மேலே, எது அதற்குக் கீழே என்று தனகோட்டி போர்டில் கட்டம் கட்டினார். மேலே 'பொருள்'. அதற்கு ஒரு பெயர், ஓர் எண்ணிக்கை, ஒரு யூனிட். வாங்கு, கொடு, திருப்பு, சேதம் என்று நாலு வேலை. அதற்குக் கீழே மண்வெட்டி, கூடை, பூட்ஸ், கிரீஸ். கடைசிக் கட்டத்தில் 'லேபர்' என்று எழுதிக் கோடு இழுத்துப் பொருளோடு சேர்த்தார்.

ரெஜினா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். "லேபர்னா என்ன சார்?"

"ஆளு."

"ஆளு எப்படிப் பொருளுக்குக் கீழ வரும்?"

"பத்து வருசமா அங்கதான் இருக்கு" என்றார் தனகோட்டி. "காலையில மேஸ்திரி ஸ்டோர்ல வந்து கூடை எடுப்பான். ஆளுக்கு ஒரு கூடை. எத்தினி கூடை வெளிய போச்சோ அத்தினி லேபர். சாயங்காலம் கூடை திரும்பி வந்தா கணக்கு முடிஞ்சுது. 'லேபர் மேல் இத்தினி நம்பர், லேபர் பீமேல் இத்தினி நம்பர்'னு பில்லு. கூடை எந்த பைல்ல இருக்கோ அதே பைல்ல ஆளும். சிம்பிள்."

"பேரு?"

"பேரு எதுக்கு? இன்னிக்கி ஒருத்தி வருவா, நாளைக்கி இன்னொருத்தி வருவா. தலை சரியா இருந்தா போதும்."

"பொருள்ல இருக்கறது எல்லாமே லேபருக்கும் வரும்னு சொல்லியிருக்கேன்" என்றாள் ரெஜினா.

"வரட்டும். 'சேதம்', 'திருப்பு'ன்னு லேபருக்கு யாரு தட்டப் போறா?"

ரெஜினா அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் போட்ட படத்தின்படியே கிளாஸ்களை எழுதினாள். லேபரில் ஓர் ஆப்ஜெக்ட் உண்டாக்கினாள். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'லேபர் பீமேல்' என்று போட்டாள். ஆளின் பெயரைக் கேட்கவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் கேட்டது. ஒன்று என்று போட்டாள். பிறகு 'சேதம்' பட்டனை அழுத்தினாள். பிறகு 'திருப்பு'.

திரையில் வரி விழுந்தது: லேபர் பீமேல், 1 நம்பர், சேதம், திருப்பி அனுப்பப்பட்டது.

"இது எங்கம்மா" என்றாள் ரெஜினா.

அறிவழகன் நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்தான்.

"பெல்ட்டுக்கு அடியில கரி அள்ளினாங்க. வருசக் கணக்கா. ஒரு நாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில, வேலை செஞ்ச எடத்துலேருந்து எழுதி வாங்கிட்டு வான்னாங்க. நான் போய்க் கேட்டேன். எட்டாவது படிக்கறேன் அப்ப. இந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் வேலை செய்யலன்னு சொன்னாங்க. பொய்யும் இல்ல. பேரே இல்ல. அன்னிக்கிக் கணக்குல கூடை ஒண்ணு குறையுதுன்னு மட்டும் எழுதியிருந்தாங்களாம். மேஸ்திரி வீட்டுக்கு வந்து கூடையைக் கேட்டாரு."

"யாரு கான்ட்ராக்ட்?" என்று கேட்டார் தனகோட்டி.

"ராஜாங்கம் சார்தான்."

மேலே மின்விசிறி கடகடத்தது. கீழே பாத்திரக் கடையில் யாரோ பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒருத்தரையும் பொருளுக்குக் கீழ வைக்க மாட்டேன் சார்" என்றாள் ரெஜினா. "தொழிலாளின்னு தனி கிளாஸ். பேரு இல்லாம அதுல ஆப்ஜெக்டே உண்டாகக் கூடாது. பேரு, சேர்ந்த தேதி, எந்த ஷிப்டு. இது இல்லாத புரோகிராமை என் பாடத்துல முடிஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அதை ராஜாங்கத்துக்கிட்ட நீயே சொல்லு" என்றார் தனகோட்டி. அதுவரை மேடம் என்று கிண்டலாகக் கூப்பிட்டவர், முதல் தடவை நீ என்றார்.

அவள் சொல்வதற்கு முன்பே சேதி ஜெரால்டுக்குப் போய்விட்டது. அவர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெஜினா, நீ டிரெயினர். கிளையன்ட் என்ன கேக்கறாரோ அதைச் செய்யறதுதான் நம்ம வேலை. பேரு போட்டா என்ன ஆவும்னு தெரியுமா? இந்த ஆளு இத்தனை வருசமா தொடர்ந்து வேலை பாக்கறான்னு ஒரு பட்டனைத் தட்டினா வந்துடும். நாளைக்கே அதை எடுத்துக்கிட்டு யூனியன் போவும், கேஸ் போவும். அதனாலதான் அவரு பேரே வேணாங்கறாரு."

"தெரியும் சார். அதனாலதான் நான் வேணுங்கறேன்."

"வேலைம்மா இது. கோயில் இல்ல, பிரசங்கம் பண்ண."

"பிரசங்கம் இல்ல சார். ஆளைக் கூடைன்னு எழுதக் கத்துக் குடுக்க எனக்கு வராது."

"அப்ப பெர்மனென்ட்?"

"அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் ரெஜினா. "ஆனா பேரில்லாம முடிக்க மாட்டேன்."

ஜெரால்டு, ராஜாங்கத்துக்குப் புரோகிராமை ஓட்டிக் காட்டுகிற டெமோ நாள் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ராஜாங்கம் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னால் பெண் வழிக்கு வருவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். ஆரோக்கியம்மாள் கோணின மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று ரெஜினா நினைத்திருந்தாள்.

"உனக்கு இன்னாடி பைத்தியம்? கைக்கு வந்த வேலையக் காலால ஒதைப்பாங்களா?"

"உன் பேரை எழுதியிருந்தா..."

"என் பேரு மேஸ்திரிக்கே தெரியாது. 'ஏ, பச்சை சேலை'ன்னுதான் கூப்புடுவான். மறுநா மஞ்சள் கட்டிகினு போனா, 'பச்சை சேலை எங்கடி'ன்னு என்னையே கேப்பான்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "கூடை காணோம்னு எழுதினான். கை போச்சுன்னு எழுதல." எழுந்து தட்டைப் போட்டுவிட்டு, "சாப்புட வா" என்றாள். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரங்களில் தனகோட்டி பேச்சைக் குறைத்துக்கொண்டார். ரெஜினா தொழிலாளி கிளாஸை எழுதச் சொன்னபோது தடுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. ஒரு மத்தியானம், அறிவழகன் டீக்குப் போயிருந்த நேரம், அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பேரைக் காலியா விட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினா ஏத்துக்குதே. அதையும் மறிக்கணும்ல?"

ரெஜினா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"'ஏ பி சி'ன்னு எதையாவது அடிச்சிட்டுப் போவான். அப்பா பேரும் கேளு. ஊரும் கேளு. ஒரே பேர்ல நாலு பேச்சியம்மாள் இருப்பாங்க" என்றார். அவர் விரல்கள் ஓடின. ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார். ஏமாற்றுகிறவன் எந்த வழியாக வருவான் என்று அவருக்குத்தான் தெரியும். பதினைந்து வருஷம் அந்த வழிகளையெல்லாம் கேட்டபடி போட்டுக் கொடுத்தவர். பெயரை அழிக்கிற பட்டன் எங்கேயும் இல்லாதபடி செய்தார். வேலையை விட்டுப் போனால் போன தேதி விழும். ஆள் இருந்தது இருந்ததுதான்.

டெமோ அன்று ராஜாங்கம் வெள்ளை வேட்டியும் செல்போனுமாக வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெரால்டு குளிர்பானம் வரவழைத்தார். அறிவழகன் மவுஸைப் பிடித்தான். மண்வெட்டி வந்தது, கூடை வந்தது, கிரீஸ் டப்பா வந்தது. பில் கலரில் வந்தது. ராஜாங்கத்துக்கு முகம் மலர்ந்தது.

"ஜோரா இருக்குய்யா. லேபரைக் காட்டு."

அறிவழகன் தொழிலாளி ஸ்கிரீனைத் திறந்தான். ராஜாங்கம் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, பேரு, அப்பன் பேரு, ஊரு? கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போறீங்க? எண்ணிக்கையப் போடு."

அறிவழகன் வெறும் எண்ணைப் போட்டுச் சேமி பட்டனைத் தட்டினான். பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. மறுபடி தட்டினான். மறுபடியும் வந்தது.

"ஜெரால்டு, என்னய்யா இது?"

"சின்ன விஷயம் சார், எடுத்துடலாம்." ஜெரால்டு அறிவழகன் பக்கம் திரும்பினார். "எடுப்பா."

"எனக்கு எடுக்க வராதுங்க சார்" என்றான் அறிவழகன், பச்சைப் பிள்ளை மாதிரி. "சேர்க்கற வரைக்கும்தான் மேடம் பாடம் நடத்தியிருக்காங்க. எடுக்கற பாடம் இன்னும் வரல."

ஜெரால்டின் காது சிவந்தது. "ரெஜினா."

"எடுக்க முடியும் சார். எடுக்க மாட்டேன்."

ராஜாங்கம் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"ரெஜினா. ஆரோக்கியம்மாள் மக. எங்கம்மா உங்ககிட்ட வேலை செஞ்சாங்க."

"எங்கிட்டயா? அப்படி யாரையும் எனக்கு ஞாபகம் இல்லியே."

"இருக்காது சார். இனிமே வர்றவங்களை நீங்க ஞாபகம் வெச்சிருக்க வேணாம். இது வெச்சுக்கும்." திரையைக் கையால் காட்டினாள்.

ராஜாங்கம் கோபப்படவில்லை. சிரித்தார். "பாப்பா நல்லா பேசுது. பேச்சுக்கு நான் காசு குடுக்கறதில்ல." ஜெரால்டைப் பார்த்தார். "இப்பவே பேரை எடுத்துக் காட்டு. இல்லன்னா நான் மெட்ராஸ்காரனுக்குப் போன் போடறேன்."

"நாளையிலேருந்து நீ வர வேணாம் ரெஜினா" என்றார் ஜெரால்டு.

"சரிங்க சார்" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கால்களை நாற்காலிக் கம்பியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளையிலிருந்துதானே வேண்டாம் என்றார். இன்றைக்கு இன்னும் பொழுது இருக்கிறது.

ஜெரால்டு கடைசி ஆளிடம் போனார். ஜன்னலோரம் கைகட்டி நின்றிருந்த தனகோட்டியின் தோளில் கை வைத்தார். "அண்ணே, நீங்கதான் பெரியவரு. உங்களுக்கு அஞ்சு நிமிச வேலை. உக்காந்து மாத்திடுங்க. உங்க கை படாத புரோகிராம் இந்தக் கம்பெனியில ஒண்ணு இல்ல. பழசும் உங்களுக்குத்தான் தெரியும், புதுசும் உங்களுக்குத்தான் தெரியும்."

"தனகோட்டிக்கு நான் சொல்லணுமா?" என்றார் ராஜாங்கம். "பத்து வருசமா நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சு குடுக்கற ஆளு."

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய். அறிவழகன் ஏதோ ஒரு நக்கலுக்காகக் காத்திருந்தான். அவர் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது என்று ரெஜினாவுக்குத் தெரியும். அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

தனகோட்டி மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுக்கவில்லை. குனிந்து, ஒரு வரியும் மாற்றாமல் வேலையைச் சேமித்தார். கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தினார். திரை கறுப்பாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மேஜை இழுப்பறையிலிருந்து கண்ணாடிக் கூட்டையும், ஆணியிலிருந்து சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டினார். மாடிப் படியில் அவர் இறங்கிப் போகிற சத்தம், பாத்திரக் கடைச் சத்தத்தில் கலக்கிற வரைக்கும் மேலே நாலு பேருக்கும் கேட்டது.